தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கும் முறை

ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இடையில் ரயில் பாதையோரம் இருக்கும் ஊத்துக்குளி, வெண்ணெய்க்குப் பெயர் போன ஊர். சுற்றுவட்டாரத்து மானாவாரிக் கொறங்காடுகளில் (மேய்ச்சலுக்கென்று வேலியடைத்து விட்ட நிலங்களில்) கொழுக்கட்டைப் புல் மேய்ந்த எருமைகளின் பாலை உறைய வைத்து, விடியற்காலையில் சிலுப்பி எடுத்த வெண்ணெயே அந்தப் பெயரை ஊருக்கு வாங்கிக் கொடுத்தது. என் அம்முச்சியின் (அம்மாவின் அம்மா) சாளையும், அதாவது தோட்டத்து வீடும், அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே பார்த்தும், பிற்பாடு சொந்தமாக இரண்டு எருமையும் ஒரு பசுவும் வைத்துக் கடைந்தும் கற்றுக்கொண்டதை, மாடு வைத்திருப்பவரும் பண்ணைப் பால் வாங்குபவரும் செய்து பார்க்கும் வகையில் இங்கே எழுதுகிறேன். வெண்ணெய் எடுப்பதில் கைவலுவுக்கு உள்ள பங்கு குறைவு, சூட்டை அறிவதற்கு உள்ள பங்கே அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடியலில் கடைவது, மண்பானையில் வைப்பது, கிணற்று நீர் தெளிப்பது என்று பழைய ஆட்கள் செய்தவற்றில் பெரும்பகுதி, தயிரின் சூட்டை ஓர் அளவுக்குள் பிடித்து வைப்பதற்காகச் செய்ததுதான்.

பாலைத் தேர்வது

எருமைப் பாலில் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு வரை கொழுப்பு இருக்கும். பசும்பாலில் பெரும்பாலும் 3.5 முதல் 4.5 பங்கு வரை. ஆகவே 10 லிட்டர் எருமைப் பாலைத் தயிராக்கிக் கடைந்தால் 700 முதல் 800 கிராம் வரை வெண்ணெய் எதிர்பார்க்கலாம். அதே அளவு பசும்பாலில் 400 கிராமைச் சற்றுத் தாண்டினாலே நல்ல கடைசல் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எருமை வெண்ணெய் பால்வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கும். பசு வெண்ணெய் மஞ்சள் ஓடியும் சற்று இளகியும் இருக்கும். பச்சைப் புல்லில் உள்ள கரோட்டின் என்னும் நிறப்பொருளை எருமை தன் உடலிலேயே வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. பசுவோ அதில் ஒரு பகுதியை அப்படியே பால் கொழுப்பில் விட்டுவிடுகிறது. நிறத்தை வைத்து எது உயர்ந்தது என்று சண்டை பிடிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தீவனமும் வெண்ணெயில் தெரியும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் கொடுக்கும் மாட்டின் வெண்ணெய் கெட்டியாக நிற்கும். மழைக்குப் பிறகு பசும்புல் மட்டும் மேய்ந்த நாட்களில் வெண்ணெய் இளகியும், பசுவாக இருந்தால் நிறம் கூடியும் வரும். கறப்பதற்குச் சற்று முன்னால் கடும் வாசமுள்ள இலைதழை எதையும் மாட்டுக்குப் போடக் கூடாது. அந்த வாசம் பாலில் ஏறும். கொழுப்பு வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பண்புடையதாகையால், வெண்ணெயில் அது இன்னும் தூக்கலாகத் தெரியும்.

கன்று ஈன்ற முதல் ஐந்தாறு நாட்களின் சீம்பால் தயிராகக் கடைவதற்கு உதவாது. மடி நோய் கண்ட மாட்டின் பாலையும் சேர்க்கக் கூடாது. கறவை வற்றும் காலத்துப் பால் தனியாகக் கடைந்தால் படாத பாடு படுத்தும். அப்போது பால் லேசாக உப்புக் கரிக்கும், கொழுப்புத் துளிகளும் மிகச் சிறியனவாக இருக்கும், அவை ஒன்றோடொன்று ஒட்ட நெடுநேரம் பிடிக்கும். இளங்கறவையாக உள்ள இன்னொரு மாட்டின் பாலோடு கலந்து உறைய வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். பாக்கெட் பாலில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொழுப்புத் துளிகளை இயந்திரத்தில் நுண்ணியதாக உடைத்துப் பாலோடு சமன்செய்த பாலாக இருந்தால் அதில் ஏடும் சரியாகப் படியாது, வெண்ணெயும் சரியாகத் திரளாது. அதற்கு மெனக்கெடுவது வீண் வேலை என்பது என் கருத்து.

காய்ச்சுவதும் ஏடு கட்டுவதும்

கறந்த பாலைச் சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டி, அதிக நேரம் வெளியே வைக்காமல் காய்ச்ச வேண்டும். சில இடங்களில் பச்சைப் பாலையே உறைய விடும் வழக்கம் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் காசநோய், புருசெல்லா காய்ச்சல் போன்றவற்றின் கிருமிகள் பச்சைப் பாலில் இருக்கக்கூடும், காய்ச்சினால் அவை அழியும். தயிருக்கு வேண்டிய நல்ல நுண்ணுயிர்களுக்குப் போட்டியாக வரும் மற்ற உயிர்களும் காய்ச்சலில் குறைந்துவிடுவதால், உறையும் தயிரின் சுவையும் நாளுக்கு நாள் மாறாமல் ஒரே மாதிரி அமையும்.

வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி ஒரு கொதி பொங்க விட்டு, பிறகு தீயைத் தணித்து அரை மணி நேரம் வரை அப்படியே வைக்கலாம். அம்முச்சி காலத்தில் வறட்டித் தணலின் மேல் பால்சட்டி காலை முதல் மதியம் வரை உட்கார்ந்திருக்கும். பால் சற்றே பழுப்பேறி, மேலே தடித்த ஏடு கட்டி, லேசான புகை வாசத்தோடு இருக்கும். இன்றைக்கு எரிவாயு அடுப்பில் அந்தப் புகை வாசம் கிடைக்காது. சிறு தீயில் வைக்கும் பொறுமை இருந்தால் ஏட்டின் கனம் மட்டும் கிடைக்கும். காய்ச்சிய பாலைக் கரண்டி போட்டுக் கலக்காமல், மூடியைச் சற்று விலக்கி வைத்து ஆற விட வேண்டும். முழுவதுமாக மூடினால் ஆவி நீராகி ஏட்டின் மேல் சொட்டும்.

இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. பத்து லிட்டர் போலப் பால் இருக்கும் வீட்டில், பால் முழுவதையும் ஏட்டோடு சேர்த்து உறைய வைத்து அன்றன்றைக்கே கடைவது வழக்கம். ஒன்றிரண்டு லிட்டர்தான் என்றால், ஆறிய பாலின் மேலுள்ள ஏட்டை நாள்தோறும் எடுத்துத் தனிச் சட்டியில் சேர்த்து, முதல் நாளே அதில் ஒரு கரண்டி தயிரைக் கலந்து வைத்துக்கொண்டு, போதிய அளவு சேர்ந்ததும் கடையலாம். வெளியில் வைத்தால் இரண்டு நாளுக்கு மேல் ஏடு சேர்க்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஆறேழு நாள் வரை தாங்கும். மாதக் கணக்கில் உறைநிலையில் சேர்த்து வைத்துக் கடைபவர்களும் இருக்கிறார்கள். அப்படி எடுத்ததை உருக்கி நெய்யாக்கலாம் என்றாலும், வெண்ணெயாக வாயில் போட்டால் ஒரு பழைய வாடை அடிக்கும். முழுத் தயிரைக் கடைந்த வெண்ணெயின் மணம் ஏட்டு வெண்ணெய்க்கு வருவதில்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஏட்டு வழியில் வேலை குறைவு, பாலும் வீட்டுச் செலவுக்கு மிஞ்சும்.

உறை ஊற்றுவது

பாலில் விரலை விட்டால் சுடாமலும், குளிராமலும், வெதுவெதுப்பு மட்டும் தெரிய வேண்டும். வெப்பமானியில் அது 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை காட்டும். அந்தச் சூட்டில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கணக்கில் முந்தின நாள் தயிரை உறையாக விட்டு, ஒரே ஒரு முறை சுற்றிக் கலக்கி விட வேண்டும். சித்திரை, வைகாசியில் இதில் பாதி போதும். மார்கழியில் சற்றுக் கூடுதலாக ஊற்றி, பானையைச் சாக்கில் பொதிந்து அடுப்பங்கரையில் வைக்க வேண்டும். உறைக்கு எடுக்கும் தயிர் மணமாக இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் நூல் போல இழுக்கிற தயிரையும், மூக்கைச் சுளிக்க வைக்கும் அளவுக்குப் புளித்ததையும் உறைக்குச் சேர்க்கக் கூடாது. வெண்ணெயின் மணத்தில் பெரும்பகுதி இந்த உறையில் உள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுதான். ஆகவே நல்ல உறை கிடைத்த வீட்டார் அதை விடாமல் தொடர்ந்து காப்பாற்றி வருவார்கள். அசலூர் போய் வரும்போது அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியாவது அதே உறையை மீட்டுவிடுவார்கள்.

இரவு எட்டு மணிக்கு உறை ஊற்றினால் விடியற்காலை ஐந்து மணிக்குத் தயிர் கடைவதற்குத் தயாராக இருக்கும். தயிர் கட்டியாக உறைந்து, இனிப்பு விலகி, இளம்புளிப்பு ஏறியிருக்க வேண்டும். புளிக்காத தயிரில் கொழுப்பு முழுவதும் பிரியாமல் மோரோடு போய்விடும். அதிகம் புளித்தால் வெண்ணெய் வரும், ஆனால் எத்தனை முறை கழுவினாலும் புளிப்பு போகாது.

பானை, மத்து, கயிறு

மண்பானையின் சுவரில் நீர் மெல்லக் கசிந்து ஆவியாவதால் உள்ளிருப்பது வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். வெண்ணெய் எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. புதுப் பானையை ஒருநாள் முழுவதும் நீரில் ஊற வைத்து, அரிசி கழுநீரோ வடித்த கஞ்சியோ ஊற்றி இரண்டு மூன்று நாள் பழக்கிய பிறகே தயிர் ஊற்ற வேண்டும். சோப்பு போட்டுக் கழுவவே கூடாது, மண் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடுத்த தயிரில் திருப்பிக் கொடுக்கும். தேங்காய் நாரும் சுடுநீரும் கொண்டு தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காய வைத்தால் போதும். எவர்சில்வர் பாத்திரத்தில் கடைந்தாலும் வெண்ணெய் வரும், சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் கூடுதல் வேலை. பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வெள்ளீயம் பூசாமல் தயிரைத் தொடவே விடாதீர்கள். புளிப்பு உலோகத்தை அரித்து, தயிரையே கெடுத்துவிடும்.

மத்தின் தலை தயிரில் முழுவதும் மூழ்கியும், பானையின் அடியைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலேயும் இருக்க வேண்டும். பெரிய பானைக்குப் பக்கத்தில் தரையிலோ சுவரிலோ ஒரு தறி (முளைக்கம்பு) இருக்கும். அதில் மேலும் கீழுமாக இரண்டு கயிற்று வளையங்கள் கட்டி, மத்தின் தண்டை அவற்றில் நுழைத்துவிட்டால் மத்து சாயாமல் நேராகச் சுழலும். தண்டின் நடுவில் பருத்திக் கயிற்றை மூன்று சுற்று சுற்றி, இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். இரண்டு லிட்டருக்குக் குறைவான தயிருக்கு இந்த ஏற்பாடெல்லாம் வேண்டாம். சிறு மத்தை இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து உருட்டினாலே போதும்.

கடைவது

பானையில் பாதிக்கு மேல் தயிர் இருக்கக் கூடாது. தயிர் நுரைத்து மேலெழும், துளிகள் மோதிப் புரள வெற்றிடம் வேண்டும். முதலில் நீர் சேர்க்காமல் நாலைந்து நிமிடம் மெதுவாகக் கடைந்து, கட்டிகள் உடைந்து கூழாகும் வரை கலக்க வேண்டும். பிறகு ஐந்து லிட்டர் தயிருக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நீர் சேர்க்கலாம். அந்த நீரின் குளிர்ச்சியில்தான் எல்லாம் இருக்கிறது.

பாலில் கொழுப்பு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய உறை போர்த்தி மிதக்கிறது. மத்து சுழலும்போது அத்துளிகள் ஒன்றோடொன்றும் காற்றுக் குமிழிகளோடும் மோதுகின்றன, உறை கிழிகிறது, உள்ளிருக்கும் கொழுப்பு பசை போல வெளிவந்து பக்கத்துத் துளியை ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒட்ட வேண்டுமானால் துளிக்குள் இருக்கும் கொழுப்பில் ஒரு பங்கு கெட்டியாகவும் மறு பங்கு இளகியும் இருந்தாக வேண்டும். முழுவதும் இறுகிக் கிடந்தால் துளிகள் கூழாங்கற்கள் போல மோதி விலகிவிடும், முழுவதும் உருகியிருந்தால் எண்ணெயாகச் சிதறி மோரோடு கலந்துவிடும். தயிர் கடையும்போது 18 முதல் 22 டிகிரி வரை இந்த நடுநிலை கிடைக்கும். எருமைக் கொழுப்பு கெட்டியானது என்பதால் அந்த எல்லைக்குள் மேற்பக்கமும், பசுவுக்குக் கீழ்ப்பக்கமும் வைத்துக்கொள்ளலாம். கொங்கு நாட்டில் கோடை இரவிலும் காற்று இந்த அளவுக்கு இறங்குவது அரிது என்பதால், அந்த மாதங்களில் பானையை ஈர மணலில் புதைத்தோ ஈரச் சாக்கு சுற்றியோ வைத்து, பானைத் தண்ணீரையோ பனிக்கட்டி போட்ட நீரையோ சேர்க்க வேண்டும். மார்கழி, தையில் இதற்கு நேர்மாறாக, வெதுவெதுப்பான நீரை ஒரு சொம்பு ஊற்றினால்தான் வெண்ணெய் இறங்கிவரும். வெப்பமானி இல்லாதவர்கள் புறங்கையை மோரில் நனைத்துப் பார்க்கலாம். குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் கை இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சில்லென்று இருக்கக் கூடாது.

பத்து வயதில் ஒரு மாசி மாதக் காலையில், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரில் ஒரு சொம்பை அப்படியே தயிர்ப் பானையில் ஊற்றிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் மோரின் மேல் மஞ்சள் வட்டங்களாக எண்ணெய் மிதந்தது. அம்முச்சி திட்டவில்லை. கயிற்றைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "சூடு ஏறிப்போச்சு கண்ணு, கெணத்துத் தண்ணி ஒரு கொடம் கொண்டா" என்று மட்டும் சொன்னார். பானையைத் தொட்டி நீரில் இறக்கி வைத்து, முக்கால் மணி நேரம் கழித்துக் கடைந்தோம். வழக்கத்தில் பாதி வெண்ணெய்தான் கிடைத்தது. அன்றைக்கு மோர் வாங்க வந்தவர்கள் மட்டும் மோர் நல்ல ருசி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நீர் சேர்த்தபின் வேகமாக இழுக்கலாம். ஒரு சீராக, மூச்சு வாங்காத வேகம் போதும். இருபது நிமிடம் முதல் அரை மணி நேரத்தில் வெண்ணெய் திரளும். அதற்கு முன்னால் தயிர் மூன்று நிலைகளைக் கடக்கிறது. முதலில் மோர் நுரைத்துப் பொங்கி மேலே வரும். மத்தின் ஒலி மங்கலாக, பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அடுத்து நுரை கனத்து, கயிறு இழுப்பதற்குப் பாரமாகும். புதிதாகக் கடைபவர்கள் கை ஓய்ந்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். பிறகு சட்டென்று நுரை உடைந்து தாழும். சளசளவென்று நீர்த்த ஒலி கேட்கும், கயிறு இலேசாகும், மத்துத் தண்டில் ரவை போன்ற மணிகள் ஒட்டியிருக்கும். பானையின் உட்சுவரில் மோர் படிந்து வழியும்போது அதில் புள்ளி புள்ளியாக வெண்ணெய் தெரிந்தால், இன்னும் இரண்டு மூன்று நிமிட வேலைதான் பாக்கி.

இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமை இழந்து முழு வேகத்தில் இழுத்து, திரண்ட வெண்ணெயை மீண்டும் உடைத்துவிடுகிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போல என்ற பழமொழிக்குத் தாழி உடைய வேண்டும் என்பதில்லை, இந்த அவசரமே போதும். மணிகள் கடுகளவு ஆனதும் வேகத்தைக் குறைத்து, ஒரு சொம்பு குளிர்ந்த நீரைப் பானையின் ஓரமாகச் சுற்றித் தெளித்து, மத்தை அரைச் சுற்று இப்படியும் அரைச் சுற்று அப்படியும் மெல்ல ஆட்ட வேண்டும். மணிகள் குன்றிமணி அளவாகி, ஒன்றையொன்று தேடி ஒட்டி, மோரின் மேல் திட்டுத் திட்டாக மிதக்கும். பானையை இரு கையாலும் பிடித்துச் சற்றே சாய்த்துச் சுழற்றினால் எல்லாம் நடுவில் ஓர் உருண்டையாகக் கூடும்.

எடுப்பதும் கழுவுவதும்

கையைக் குளிர்ந்த நீரில் நனைத்துக்கொள்ளாமல் வெண்ணெயைத் தொட்டால் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு வராது. நனைத்த கையைக் குழித்து, மோருக்கு அடியிலிருந்து மேலே அள்ளி, விரலிடுக்கில் மோரை வடியவிட்டு, குளிர்ந்த நீர் உள்ள சட்டியில் போட வேண்டும். மத்தின் தலையில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்தெடுத்துச் சேர்த்தபின், மத்தைப் பானைக்குள்ளேயே இரண்டு முறை உதறிவிடுவது அம்முச்சியின் வழக்கம். அந்தக் கடைசித் துளி வெண்ணெய் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும்.

கழுவுவது ஏன் என்றால், வெண்ணெய்க்குள் சிக்கிய மோரில் பால்சர்க்கரையும் புரதமும் இருப்பதால், அதிலிருந்துதான் புளிப்பும் கெட்ட வாடையும் கிளம்புகின்றன. காய்ச்சி ஆற வைத்துக் குளிர்வித்த நீரை ஊற்றி, உருண்டையை உள்ளங்கையால் மெல்ல அமுக்கித் திருப்பி, வெளுத்த நீரைக் கொட்டிவிட்டு மறுபடி நல்ல நீர் ஊற்ற வேண்டும். மூன்றாவது நீரில் நீர் தெளிந்துவிடும். அதற்கு மேல் கழுவினால் மணமும் நீரோடு போய்விடும். பிறகு சாய்த்து வைத்த தட்டில் போட்டு, மரக்கரண்டியாலோ கையாலோ அமுக்கி உள்ளிருக்கும் நீர்த்துளிகளை வெளியேற்ற வேண்டும். ஆனால் பிசைந்து பிசைந்து களிம்பாக்கிவிடக் கூடாது. நன்றாக வந்த வெண்ணெயை உடைத்துப் பார்த்தால் உள்ளே மணிமணியாகத் தெரியும், அமுக்கினால் நீர் சொட்டாது. இந்தப் பக்கத்து வீட்டு வெண்ணெயில் உப்பு சேர்ப்பதில்லை, சேர்க்கவும் தேவையில்லை.

வெண்ணெய் திரளாதபோது

முக்கால் மணி நேரம் கடைந்தும் நுரை மட்டும் பொங்கிக்கொண்டே இருந்து, மணி தட்டவில்லையென்றால் பெரும்பாலும் தயிர் குளிர்ந்து கிடக்கிறது என்று பொருள். வெதுவெதுப்பான நீரை அரை டம்ளர் அரை டம்ளராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் கடைந்து பார்க்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் நான் செய்த கதைதான் நடக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஏட்டை உடனே கடைபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. வெளியில் எடுத்து வைத்து, சில்லிப்பு தணிந்த பிறகு தொடங்க வேண்டும். மறுபக்கம், மணி தட்டியும் உருண்டையாகக் கூடாமல் கொழகொழவென்று கையில் வழிந்தால் சூடு அதிகம். பனிக்கட்டியைத் துணியில் கட்டிப் பானையில் தொங்கவிட்டு, பதினைந்து நிமிடம் கடையாமல் விட்டுவிட்டால் இறுகிவரும். சூடும் சரி, நேரமும் சரி, அப்படியும் வெண்ணெய் மிகக் குறைவு என்றால் பானை நிரம்பியிருந்ததா, தயிர் புளிக்காமல் இருந்ததா, கறவை வற்றும் மாட்டின் பாலா என்று பார்க்க வேண்டும். கண்ணேறு பட்டதால் வெண்ணெய் வரவில்லை என்று பானைக்கு மிளகாய் சுற்றிப் போடுபவர்களை நான் கண்டிருக்கிறேன்; சுற்றி முடிப்பதற்குள் தயிரின் சூடு மாறி வெண்ணெய் வந்துவிடுவதும் உண்டு.

மிக்சியில் அடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரும், விரைவாகவும் வரும். பனிக்கட்டி நீர் சேர்த்து, தொடர்ச்சியாக ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டினால் போதும். கத்தி சுழலும் வேகத்தில் சூடு ஏறுவதையும், திரண்ட வெண்ணெய் மறுபடி உடைவதையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வைத்திருப்பதும் உருக்குவதும்

உப்பில்லாத வெண்ணெய் வெளியில் ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் மணத்தோடு இருக்கும். நீர் நிறைந்த சட்டியில் மூழ்க வைத்து, காலையும் மாலையும் நீரை மாற்றினால் காற்றுப் படாமல் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். சில வீடுகளில் நீருக்குப் பதில் புது மோரில் போட்டு வைப்பார்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூடி போட்ட பாத்திரத்தில் ஒரு வாரம் வைக்கலாம். பூண்டு, மீன் போன்றவற்றுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தால் மறுநாள் எது வெண்ணெய் என்று தெரியாது.

அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் நெய்யாக உருக்கிவிடுவதே வழி. அடிகனமான பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் வெண்ணெயைப் போட்டு, சிறு தீயில் உருக்க வேண்டும். முதலில் வெண்ணுரை பொங்கும். உள்ளிருக்கும் நீர் சடசடவென்று சத்தத்தோடு ஆவியாகும். சத்தம் அடங்கும் நேரத்தில் நீர் தீர்ந்துவிட்டது என்று அறியலாம், அதன்பிறகு சூடு விறுவிறுவென ஏறும் என்பதால் அடுப்பை விட்டு அகலக் கூடாது. அடியில் படியும் கசண்டு பொன்னிறமாகி, மேலே மெல்லிய நுரை மறுபடி எழும்போது ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையைப் போட்டு, கீரை மொறுமொறுப்பானதும் இறக்கிவிட வேண்டும். பாத்திரத்தின் சூட்டிலேயே நெய் இன்னும் கொஞ்சம் நிறம் ஏறும். அடுப்பில் இருக்கும்போதே முழு நிறத்துக்குக் காத்திருந்தால் கசந்துவிடும். ஒரு கிலோ வெண்ணெய்க்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் நெய் தேறும். அதைவிடக் குறைந்தால் வெண்ணெயில் நீர் மிச்சமிருந்தது என்று பொருள். வடிகட்டிய நெய்யை அசைக்காமல் மெதுவாக ஆற விட்டால் மணல் மணலாக உறையும். அடியில் மிஞ்சிய கசண்டில் சுடுசோறு போட்டுப் பிசைந்து, கல் உப்பு இரண்டு கல் நுணுக்கிப் போட்டால், அன்றைய காலைச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள வேறெதுவும் வேண்டாம்.

வெண்ணெய் எடுத்த மோரில் கொழுப்பு மிகக் கொஞ்சம்தான் எஞ்சியிருக்கும்; புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கும். கழுவிய முதல் நீரையும் அதோடு சேர்த்து, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் குடிக்கலாம், மோர்க்குழம்பு வைக்கலாம். மிஞ்சியதை மாட்டுத் தொட்டியில் கழுநீரோடு ஊற்றினால் எருமை முதல் வாயிலேயே மூக்கை முக்கிக் குடித்துவிடும்.